அஜிடேட்டரை மாற்றுவதா, கியர்பாக்ஸை இறக்குவதா: பழைய டைரக்ட் டிரைவ் வாஷிங் மெஷினுக்கு எது பொருந்தும்?

1980களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 2010 வரை வேர்ல்பூல் நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்த பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாக இயக்கும் டைரக்ட் டிரைவ் டாப் லோடு மெஷின்கள், சியர்ஸ் கடைகளில் கென்மோர் என்ற பெயரிலும், ரோப்பர், எஸ்டேட், கிச்சன்எய்ட் போன்ற பெயர்களிலும் விற்பனையாயின. வெளித்தோற்றம் வேறுபட்டாலும் உள்ளே இருக்கும் மோட்டாரும், அதன் சுழற்சியைத் துவைக்கும் அசைவாக மாற்றும் கியர்பாக்ஸும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், உதிரி பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. துணி சரியாகத் துவைபடவில்லை என்றதும் பலர் கியர்பாக்ஸ் போய்விட்டதாக முடிவுகட்டி மெஷினையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை மேலே, துணியை அலசும் அஜிடேட்டரில்தான் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

நம் ஊர்க் கடைகளில் இன்று அதிகம் காணப்படும் டாப் லோடு மெஷின்களில் தொட்டியின் அடியில் பல்சேட்டர் எனப்படும் தட்டையான சுழல்தட்டு இருக்கும். இங்கே பேசப்படும் அஜிடேட்டரோ தொட்டியின் நடுவே துடுப்புகளுடன் நிமிர்ந்து நிற்கும் தண்டு. அதில் இரண்டு வகைகள் உண்டு. விலை குறைந்த மாடல்களில் வந்த ஒற்றைத் துண்டு அஜிடேட்டர், நேரான துடுப்புகளுடன் முன்னும் பின்னும் மட்டும் அசையும். டூயல் ஆக்‌ஷன் எனப்படும் இரட்டைத் துண்டு வகையில் அடிப்பகுதி அப்படியே அசைய, மேலே இருக்கும் திருகு வடிவப் பகுதி ஒரே திசையில் படிப்படியாகச் சுற்றி, மிதக்கும் துணிகளைக் கீழே இழுத்துத் தள்ளும்.

ஒற்றைத் துண்டில் தேய்வதற்கு அதிகப் பாகங்கள் இல்லை. குறைவான துணியை நிறையத் தண்ணீரில் துவைப்பவருக்கு அது போதும். ஆனால் தொட்டியை நிரப்பித் துவைக்கும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல. மேலே இருக்கும் துணி கீழே இறங்காமல் அப்படியே நிற்க, அடியில் சிக்கிய துணி மட்டும் திரும்பத் திரும்ப உரசப்படும். ஆகவே இரட்டைத் துண்டு பழுதானதும் அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் துண்டைப் பொருத்துவது, செலவைக் குறைப்பதுபோல் தோன்றினாலும், துவைப்பின் தரத்தைக் குறைத்துவிடும்.

இரட்டைத் துண்டில் பழுதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நான்கு சிறு பிளாஸ்டிக் பற்கள்தான். மெக்கானிக்குகள் அவற்றை டாக் என்பார்கள். மேல்பகுதியைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாகச் சுற்றவும், எதிர்த்திசையில் பிடித்து நிற்கவும் வேண்டும். இரு திசையிலும் தடையின்றிச் சுற்றினால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். 80040 என்ற உதிரி பாக எண்ணில் கிடைக்கும் அந்த நான்கு பற்களின் விலை சில டாலர்களே. மேல்மூடியையும் அதன் கீழ் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்துடன் இருக்கும் உள்மூடியையும் எடுத்து, நீண்ட எக்ஸ்டென்ஷனில் 7/16 அங்குல சாக்கெட்டை மாட்டி நடு போல்ட்டைக் கழற்றினால் அஜிடேட்டர் மேலே வந்துவிடும். சோப்புப் படிவத்தால் இறுகியிருந்தால் வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டு, துடுப்புகளுக்கு அடியில் ஒரு பட்டையை நுழைத்து நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொட்டி விளிம்பில் கம்பியை ஊன்றி நெம்பினால் எனாமல் பெயர்ந்து துரு பிடிக்கும்.

அஜிடேட்டரை முழுமையாக மாற்ற வேண்டிய நிலை ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் தண்டைப் பற்றிக்கொள்ளும் அதன் உட்புறப் பிளாஸ்டிக் வரிப்பற்கள் மழுங்கிவிட்டால், அந்தத் தண்டு முழு வேகத்தில் அசைந்தாலும் அஜிடேட்டர் சோம்பலாகவே நகரும். அப்போது புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. தொட்டியின் ஆழத்துக்கு ஏற்ப உயரம் மாறுபடுவதால் மாடல் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இனி கியர்பாக்ஸ். இந்த மெஷினில் பெல்ட் இல்லை. மோட்டார் ஒரு திசையில் சுற்றும்போது துவைக்கும். எதிர்த்திசையில் சுற்றும்போது தண்ணீரை வெளியேற்றிப் பிழியும். மோட்டாரின் ஒரு முனையில் பம்பும், மறுமுனையில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கப்ளிங் எனப்படும் இணைப்பு வழியாகக் கியர்பாக்ஸும் இணைந்திருக்கின்றன. தண்ணீர் ஒழுங்காக வெளியேறுகிறது, ஆனால் துவைப்பும் இல்லை, பிழிதலும் இல்லை என்றால், கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கப்ளிங் உடைந்திருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். 285753ஏ என்ற அந்தப் பாகத்தை மாற்றக் கியர்பாக்ஸைத் தொடவே தேவையில்லை. பம்பையும் மோட்டாரையும் இறக்கினால் போதும். போதிய தண்ணீர் வைக்காமல் துணியை அடைப்பதுதான் அது உடைய முக்கியக் காரணம்.

துவைக்கிறது, தண்ணீரும் வெளியேறுகிறது, தொட்டி மட்டும் சுற்றவில்லை என்றால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் நியூட்ரல் டிரெயின் அமைப்பைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் முழுதும் வடியும்வரை தொட்டியைச் சுற்றவிடாமல் நிறுத்தி வைப்பது அதன் வேலை. இங்கேதான் திறந்து பழுதுபார்ப்பதா, முழுதாக மாற்றுவதா என்ற கேள்வி வருகிறது. திறப்பதென்றால் கெட்டியான ஆயிலை வடித்து, மூடியின் பழைய சிலிக்கான் பூச்சைச் சுரண்டி, உட்பாகத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மீண்டும் சிலிக்கான் பூசி ஆறவிட வேண்டும். உள்ளே கியர் பற்கள் நன்றாக இருந்து, ஆயிலும் தெளிவாக இருந்தால் இந்த உழைப்பு வீண்போகாது. மேல் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தாலோ, உலோகத் துகள்கள் தென்பட்டாலோ, பழுதுபார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுக் கியர்பாக்ஸையே மாற்றிவிடுவது நல்லது. மாற்றும் வேலை உண்மையில் திறக்கும் வேலையைவிட எளிது: அஜிடேட்டரை எடுத்துவிட்டு, மெஷினைப் பின்பக்கமாகப் படுக்கவைத்து, பம்பையும் மோட்டாரையும் கழற்றி, மூன்று அரை அங்குல போல்ட்டுகளை எடுத்தால் கியர்பாக்ஸ் நேராகக் கையில் வந்துவிடும். வேலையைத் தொடங்கும்முன் மின்இணைப்பைத் துண்டிக்கவும், மெஷினைச் சாய்க்க இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் தவறக் கூடாது.

புதுக் கியர்பாக்ஸின் விலை உறுத்தினால், கைவிடப்பட்ட அதே வகை மெஷினிலிருந்து எடுத்ததையும் பொருத்தலாம். வாங்கும்முன் மோட்டாருடன் இணையும் கீழ்த்தண்டைக் கையால் துவைக்கும் திசையில் சுற்றிப் பார்க்க வேண்டும். மேல்தண்டு தடுமாற்றமின்றி முன்னும் பின்னும் அசைய வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது, சீலைச் சுற்றி ஆயில் கசிந்த தடம் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்றில் குறை தெரிந்தாலும் அந்தக் கியர்பாக்ஸை வாங்காமல் விட்டுவிடலாம்.