வானுக்குக் கவரா, கொட்டிலா? காகத்தோடு நாலு வருசம்

எங்கள் வளவில் ஒரு பாலைமரம் நிற்கிறது. அதனடியில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடும் என் வான் வண்டி. மரத்துப் பறவைகளின் எச்சத்திலிருந்து அதன் பெயின்டை எப்படிக் காப்பது என்பதுதான் கதை. 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது கூரையில்லாத நாலு சுவரும் கிணறும் இந்த மரமும்தான் மிச்சம். அதனால் மரத்தைத் தறி என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். அம்மா இருக்கும்வரை அதில் கோடரி படாது. வெயிலில் விடு என்பதும் சரிவராது. காலை பத்து மணிக்கு ஹயருக்கு ஏறுகிறவர்கள் சீற்றில் கை வைத்ததும் எடுத்துவிடுவார்கள். ஆக, வான் மரத்தடியில்தான். மரத்தில் காகம், மைனா, புறா. இரவில் வௌவால்.

வான் கருநீலம். வெள்ளை வான் வைத்திருப்பவர்கள் இதைச் சாவகாசமாக வாசிக்கலாம், பாதிப் பிரச்சினை அவர்களுக்குக் கண்ணில் படாது.

எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். பறவைக்குச் சிறுநீர் என்று தனியாக இல்லை, எல்லாம் ஒரே வழியால்தான். இந்த அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. வாளித் தண்ணீரை ஊற்றினால் நடுவிலிருக்கும் கறுப்பு ஓடி, வெள்ளை மட்டும் அப்படியே நிற்பது அதனால்தான். அமிலம் ஒரு பக்கம் என்றால் வெயில் மறுபக்கம். நடுப்பகலில் பொனட் சுடும்போது, நிறத்துக்கு மேலேயிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு கொஞ்சம் இளகும். எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் சூடு குறைய, கிளியர் கோட்டும் அதைச் சுற்றி அதே வடிவத்தில் இறுகிவிடும். பிறகு கழுவினால் எச்சம் போகும், மங்கல் வட்டம் நிற்கும். கிளியர் கோட்டின் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன், ஒரு தலைமயிரைவிட மெல்லியது. பொலிஷ் பண்ணி வட்டத்தை எடுத்துத் தருகிறோம் என்றால், அந்தத் தடிப்பைத்தான் தேய்த்துக் குறைக்கிறார்கள்.

நான் வானை எடுத்தது 2021இல். முதல் இரண்டரை வருசம் கவர் போட்டேன். அதற்குப் பிறகுதான் தகரக் கொட்டில். நடுவில் பச்சை வலையும் மெழுகும் வந்துபோயின. நான் கொட்டில் பக்கம். எச்சத்தைத் தடுப்பதில் கொட்டில் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. எச்சத்தை மட்டும் பார்த்தால் நல்ல கவர் கொட்டிலைவிட ஒருபடி மேல்தான். காரணம் வேறு, வருகிறேன்.

பச்சை வலையை ஒரு பந்தியில் முடிக்கலாம். மலிவு, நாற்றுமேடைக்கு வாங்கியதில் மிஞ்சியதை நாலு கம்பில் கட்டினால் போதும். கோடைக்கு நிழல் தரும். எச்சம் வலையின் மேலேயே காய்ந்து கிடக்கும். முதல் மழைக்கு அவ்வளவும் ஊறிக் கழன்று, சுண்ணாம்புத் தண்ணீர் போல வானின் தலையில் வடியும். ஒரு மாதத்துப் பாக்கியை ஒரே இரவில் வாங்கிக்கொள்வது போல. கிடுகுக் கொட்டிலும் அப்படித்தான், குளிர்ச்சியில் அதை அடிக்க ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு வருசத்தில் உக்கும், எலி வந்து வயர் கடிக்கும்.

கவர் விசயத்துக்கு வருகிறேன். கவரை ஆதரிப்பவர்கள் சொல்வதெல்லாம் உண்மை. கொட்டிலுக்கு ஆகும் காசில் சின்னப் பங்குதான். வாடகை வீட்டுக்காரருக்கு அதைவிட்டால் வழியில்லை. சுருட்டிப் பின்சீற்றில் போட்டால் முல்லைத்தீவுக்கும் வரும், மன்னாருக்கும் வரும். அது எங்கே சறுக்குகிறது என்பதைத் தினம் போட்டு எடுத்தால்தான் பிடிபடும்.

எனக்கு ஹயர் விடிய நாலரைக்கு. இருட்டில் கவரை இழுக்கிறேன். மேல்பக்கம் முழுக்கக் காய்ந்ததும் காயாததுமாக எச்சம். மடிக்கும்போது மேல்பக்கம் எங்கே போகும்? கவனமாக உள்ளுக்கு உள்ளாக மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் ஒருவன், அவசரம், சுருட்டி எறிவேன். பின்னேரம் வந்து விரிக்கும்போது காலையில் மேலே இருந்த பொருக்குகள் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதோடு ஊர்த்தூசி. உள் வீதிகளில் கிரவல். பரந்தனில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீற்றர் போய்வந்தால் கருநீல வான் செம்மண் நிறத்தில் நிற்கும். அந்தத் தூசிக்கு மேல் கவர். அதற்கு மேல் சோளகக் காற்று. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர்வரை வன்னியில் சோளகம் விடாது. கவர் இரவு முழுக்க அடித்து அடித்து ஆடும். எத்தனை கயிறு போட்டுக் கட்டினாலும் பொனட் விளிம்பு, கண்ணாடி மூலை, கூரையின் நாலு ஓரம் ஆகிய இடங்களில் துணி அசையத்தான் செய்யும். கிரவல் தூசியை வைத்து இரவு இரவாக வானைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலே.

தெரியவந்தது விற்கப் பார்த்தபோது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதிக்குத் திரும்பக் கதவு திறந்தது. 2023இல் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, சின்னதாக ஒன்று எடுக்கலாம் என்று நினைத்தேன். வவுனியாவிலிருந்து ஒரு தம்பி வந்தான். எஞ்சினைப் பார்க்கவில்லை, ரயரைப் பார்க்கவில்லை. பொழுதுபடும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஃபோன் டோர்ச்சைப் பொனட்டுக்குச் சரிவாகப் பிடித்தான். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்திவலை மாதிரிக் கீறல்கள். கூரை ஓரத்தில் இன்னும் மோசம், தூள் பூசியதுபோல் மங்கல்.

"அண்ணை, கவர் போட்டுத்தானே வச்சிருந்தனீங்கள்?"

எச்ச வட்டங்கள் மூன்று இருந்தன. அவற்றை அவன் பெரிதாக எடுக்கவில்லை, பொலிஷில் குறையும் என்றான். கூரை முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும், அடித்தால் கொம்பனிப் பெயின்ட் என்று சொல்லி விற்க முடியாது என்பதுதான் அவன் கணக்கு. இரண்டரை லட்சம் குறைத்துக் கேட்டான். எங்கள் நாட்டில் வாகனம் வாங்குகிறவர்கள் புதுப் பெயின்டைக் கண்டால் சந்தோசப்படுவதில்லை, எங்கே அடிபட்டது என்று தேடுவார்கள். நேர்மையாக மங்கல் போக அடித்திருந்தாலும் விபத்துக் கதை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். நான் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கொட்டில் போட்டேன். மொத்தச் செலவு அவன் குறைத்த காசைத் தாண்டவில்லை.

கனடாவில் சின்ன விமானம் ஓட்டப் பழகும் பெறாமகன் ஒருவன் இருக்கிறான். இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கேயும் இதே வழக்குத்தானாம்: விமானக் கொட்டிலான ஹங்கருக்கு வாடகை கட்டுவதா, இறக்கைக்குக் கவர் போடுவதா என்று. எச்சம் கிடந்தால் பெயின்ட் போய் அலுமினியம் அரிக்கும் என்று கவர் போடுகிறார்கள், அந்தக் கவரே காற்றில் அடித்து அக்ரிலிக் கண்ணாடியைக் கீறிவிடுகிறது. பணக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒரே தலைவலி என்பதில் ஒரு ஆறுதல்.

கொட்டில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு ஜீ.ஐ. பைப், மேலே அமானோ தகரம், நாலு பக்கமும் திறப்பு. ஆனால் இரண்டு விசயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று, அடித்தளம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை மறக்கவில்லை. பைப்பை மண்ணில் குத்தி விட்டால், அடுத்த புயலில் தகரம் வானின் மேலேயே வந்து இறங்கும். குழி வெட்டி கொங்கிறீட் போட்டுத்தான் நட்டேன். மற்றது, உயரமும் நீட்டும். தகரத்தை வானைவிட எல்லாப் பக்கமும் மூன்று அடியாவது நீட்டுங்கள். காகம் நேரே கீழே விடும் என்று நினைத்து அளவாகப் போட்டேன். காற்று அதை உள்ளே கொண்டுவந்து விட்டது. பிறகு ஒரு தகரம் கூட்டினேன்.

கொட்டிலின் பெரிய தோல்வி, அதற்குள்ளேயே பறவை வந்தது. தகரத்துக்குக் கீழே போகும் குறுக்குப் பைப்பில் இரண்டு புறா குடித்தனம் தொடங்கின. வெளியே ஒரு மரத்துப் பறவை, உள்ளே சொந்தமாக ஒரு சோடி. கடைசியில் தங்கூசிதான் கைகொடுத்தது. மீன்பிடிக்கும் தங்கூசியைப் பைப்புக்கு நாலு விரல் மேலே இழுத்துக் கட்டினேன். இறங்கி உட்கார வரும், கால் தடுக்கும், கோபித்துக்கொண்டு போய்விடும். ஒரு வருசத்துக்கு மேலாகிறது, திரும்பவில்லை. குரங்குகள் தகரத்தில் ஓடும் சத்தத்துக்கு மட்டும் மருந்தில்லை.

தூசி? படும். நிறையவே படும். ஆனால் அதை யாரும் தேய்ப்பதில்லை. தண்ணீர் விட்டால் போகிறது. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமாக இருந்தது.

மெழுகை கொட்டிலுக்குப் போட்டியாக நிறுத்துவது சரியில்லை, அது துணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறேன், டப்பாவில் எழுதியிருக்கும் காலத்தை எங்கள் வெயிலுக்கு அரைவாசியாக எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகு இருந்தால் எச்சம் பெயின்டைத் தொட நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் நாங்கள் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். செராமிக் பூச்சு நான் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் செய்த நண்பனின் காரைப் பார்த்தேன், கழுவுவது சுகம், ஆனால் நாலு நாள் கிடந்த எச்சம் அதிலும் வட்டம் போட்டிருந்தது. ஒரு காரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

துடைப்பதிலும் ஒரு வார்த்தை. போகும் வழியில் வானை நிறுத்தி, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வருவதற்குள் மரத்தில் இருப்பது தன் வேலையைப் பார்த்துவிடும். உடனே கையில் இருக்கும் காய்ந்த துணியால் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. எச்சத்துக்குள் விதையும் மணலும் இருக்கும், பாலைப்பழக் காலத்தில் பிசினும் சேரும். நான் ஒரு போத்தல் தண்ணீரும் பழைய துவாய்த் துண்டும் வைத்திருக்கிறேன். நனைத்து, பிழியாமல், எச்சத்தின் மேல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கச்சான் சாப்பிடுவது. பிறகு துண்டை ஒரு பக்கமிருந்து உருட்டித் தூக்கினால் அதுவும் சேர்ந்து வரும். கிணற்றுத் தண்ணீர் என்றால் ஈரத்தை அப்படியே காயவிடாதீர்கள். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவது பொனட்டிலும் படியும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனமே ஓட்டிய ஊர், அதன்மேல் பாசம் போகாது. பளபளக்கும், அரை மணித்தியாலத்தில் கிரவல் தூசி முழுவதும் அதில் ஒட்டும்.

கவரை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து ஓகஸ்டில் வந்து ஓடிவிட்டு, மீதி மாதங்கள் கராஜுக்குள் நிறுத்திவைக்கும் காருக்கு அதுதான் சரி. கழுவிக் காயவிட்டுப் போட்டால், காற்றுப் படாத இடத்தில் அது ஆடாது, தேய்க்காது. தினம் ஓடும் வாகனத்துக்கு, திறந்த வளவில், சோளகத்தில் வேண்டாம்.

என்னுடைய கவர் இப்போது நெல் மூட்டைகளுக்கு மேலே கிடக்கிறது. கொட்டில் தகரத்தின் மேல்பக்கத்தில் எச்சம் ஏறிக்கொண்டே போகிறது. அது தகரத்தையும் அரிக்கும் என்பதால் மாரிக்கு முன் ஒருநாள் ஏணி வைத்து ஏறி, விளக்குமாறால் உரஞ்சிக் கழுவிவிடுகிறேன்.