வயிற்று வழியா, நெஞ்சு வழியா? கிழிந்த பிரிமென்தகட்டைத் தைக்கும் வழிகள்

கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிளோடு லொறியில் மோதுண்ட ஒரு பொடியனின் அம்மா, ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் என்னை மறித்துக் கேட்டார்: "தம்பி, நெஞ்சுக்குள்ள குடல் போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டு வயித்தையெல்லோ வெட்டியிருக்கிறாங்கள்?"

திருகோணமலையில் தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் வாசலில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிரிமென்தகடு (இந்தியத் தமிழில் உதரவிதானம்) நெஞ்சறைக்குத் தளம், வயிற்றறைக்குக் கூரை. கூரையில் ஓட்டை விழுந்தால் மேலே ஏறியும் அடைக்கலாம், வீட்டுக்குள் நின்று அண்ணாந்தும் அடைக்கலாம். எந்தப் பக்கத்தால் போவது என்பது பெரும்பாலும் அடிபட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்பதைப் பொறுத்தது.

வாகன விபத்தில் வயிறு சட்டென்று நசுங்கும்போது தகடு நீளமாகக் கிழியும். பத்து சென்ரிமீற்றரைத் தாண்டிய கிழிசல் சாதாரணம். கத்திக் குத்திலும் செல் (ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு) துண்டிலும் ஓட்டை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான். இடது பக்கமே அதிகம். வலது பக்கத்தை ஈரல் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றிவிடும். தானாக ஆறுமா என்றால், ஆறாது. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைய, வயிற்றுக்குள் இருப்பது ஓட்டை வழியாக மேலே உறிஞ்சப்படுகிறது. குடலிறக்கம் என்று பெயர், நடப்பதோ ஏற்றம். ஆகவே இரைப்பையோ குடலோ மேலே போனபின், பொறுத்துப் பார்ப்போமா, ஒப்பரேஷன் செய்வோமா என்ற கேள்விக்கே இடமில்லை. வலப்பக்கக் கத்திக் குத்து, ஆள் நல்ல நிலையில், வயிற்றில் வேறு பாதிப்பில்லை என்றால் மட்டும் ஒப்பரேஷன் இல்லாமல் கவனிப்பதுண்டு.

புதுக் காயத்துக்கு வயிற்று வழிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிமென்தகட்டைக் கிழிக்கும் அளவுக்கு அடிபட்ட உடம்பில் அந்தக் கிழிசல் மட்டும் தனியாக இருப்பது அரிது. மண்ணீரல் உடைந்திருக்கும், ஈரல் பிளந்திருக்கும், குடல் ஓட்டையாகியிருக்கும். இரத்தம் ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான். நெஞ்சைத் திறந்தால் ஓட்டை கண்முன் நன்றாகத் தெரியும், ஆனால் உயிரைக் குடிக்கும் காயம் கீழே மறைந்திருக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காயச் சத்திரசிகிச்சைச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் புதுக் காயத்துக்கு வயிற்று வழியையே பரிந்துரைக்கிறது.

அந்தப் பொடியனின் எக்ஸ்ரே இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடது நெஞ்சில் நுரையீரல் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய காற்றுக் குமிழ். மூக்கு வழியாக விட்ட குழாய் வயிறு வரை இறங்கி, அங்கிருந்து வளைந்து திரும்பவும் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. அந்தக் குமிழை நெஞ்சில் தேங்கிய வெறும் காற்று என்று நினைத்து அவசரத்தில் நெஞ்சுக் குழாய் போட்டால் இரைப்பையே துளைபட்டுவிடும். குழாய் வளைந்து ஏறியிருந்ததைப் பார்த்தபடியால் எல்லாரும் நிதானித்தார்கள்.

நெஞ்செலும்பின் நுனியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை ஒரே கோடாகத் திறந்தார்கள். முதலில் மண்ணீரலின் இரத்தம். அதை நிறுத்திய பிறகுதான் கிழிசலுக்குக் கை போனது. இரைப்பையை மெல்லக் கீழே இழுத்ததும் மயக்க மருந்து டொக்டர் காற்றை அழுத்திக் கொடுத்தார். ஓட்டைக்கு மேலே கருநீலமாகச் சுருங்கிக் கிடந்த நுரையீரல் மூலை மூலையாக விரிந்து இளஞ்சிவப்பானது. அந்த நிறம் திரும்புவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வராது. பிறகு கிழிசலின் இரண்டு விளிம்பையும் கவ்விகளால் பிடித்து, கரையாத தடித்த நூலால் தைத்தார்கள். தைக்கிற துணி ஓயாமல் ஏறி இறங்கும் துணி. அதன் மேல்தான் இதயம் உட்கார்ந்திருக்கிறது. ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனிப் பழைய காயம். அடிபட்ட நேரத்தில் சின்ன ஓட்டை கண்ணில் படாமல் போகும். மாதமோ வருடமோ கழித்து, சாப்பிட்டவுடன் நெஞ்சு இறுக்கம், மேல்மூச்சு, இடது தோளில் நோவு என்று வருவார்கள். 1579இல் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் அம்புரோஸ் பாரே இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். குண்டடி பட்டுப் பிழைத்த ஒரு படைத் தலைவன் எட்டு மாதம் கழித்து இறந்தான். திறந்து பார்த்தால் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஓட்டைக்குள் பெருங்குடல் இறுகிக் கிடந்தது. யுத்தம் நடந்த மூதூரிலும் சம்பூரிலும் செல் துண்டு பட்ட தழும்போடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குப் பாரேயின் கதை பழங்கதையாகத் தெரிவதில்லை.

இங்கே நெஞ்சு வழிக்கு நியாயம் கூடுகிறது. காலப்போக்கில் மேலே போன குடல் நுரையீரலோடும் நெஞ்சுச் சுவரோடும் ஒட்டிவிடும். ஒட்டியதைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நல்லதா, கீழிருந்து இழுத்துக் கிழிப்பது நல்லதா? வலது பக்கம் ஈரலே நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் நெஞ்சு வழி இன்னும் வசதி. ஆனால் விலையும் உண்டு. விலா எலும்புகளை விரித்த நோவு நாட்கணக்கில் மூச்சைப் பிடிக்கும், ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்து மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். நெஞ்சுச் சத்திரசிகிச்சைப் பிரிவு தேடிக் கண்டிக்குப் போவதென்றால் சுமார் 180 கிலோமீற்றர். திட்டமிட்டுச் செய்யும் ஒப்பரேஷன் என்றால் அந்தப் பயணம் தாராளமாகத் தகும். குடல் இறுகி வாந்தியோடு வந்தவருக்கு வழியிலுள்ள ஹபரணைக் காடு தாண்டும் நேரமே அதிகம். அவருக்கு இங்கேயே வயிற்றைத் திறப்பதுதான் சரி. கறுத்த குடலை வெட்டிச் சேர்க்க வயிற்றில்தான் இடமுண்டு. ஒட்டல் விடவில்லை என்றால் அப்புறம் நெஞ்சையும் திறக்கலாம்.

"சின்ன ஓட்டை போட்டுச் செய்யலாமாமே" என்று எல்லாரும் கேட்கிறார்கள். செய்யலாம். இடது விலா ஓரம் கத்திக் குத்து, ஆள் நிதானமாக இருக்கிறார், வயிற்றில் வேறு அறிகுறி இல்லை என்றால், கமரா விட்டுப் பார்ப்பதைப் போல நல்ல வழி வேறில்லை. ஸ்கேனுக்குத் தப்பிய ஓட்டை அங்கே அகப்படும், அப்படியே தைத்தும் விடலாம். பழைய ஏற்றத்துக்கும் கைதேர்ந்தவர்கள் இப்படியே செய்கிறார்கள். நோவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இதைக் கேட்கவே கூடாது. கமராவுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் ஏற்றும் வாயு கிழிசல் வழியாக நெஞ்சுக்குள் புகுந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும் ஆபத்தும் இருக்கிறது. நெஞ்சுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

நூலா வலையா (ஓட்டையை மூட வைக்கும் வலைத் துணி) என்பதில் சொல்ல அதிகம் இல்லை. விளிம்புகள் இழுபடாமல் சேர்ந்தால் நூலே போதும். புதுக் காயத்தில் பெரும்பாலும் சேரும். பழையதில் தசை சுருங்கிப் போய் இடைவெளி அகன்றிருந்தால் வலை வைப்பார்கள். குடல் ஓட்டையாகி அழுக்குப் பட்ட இடத்தில் செயற்கை வலை வைத்தால் கிருமி அதிலேயே குடியிருக்கும்.

மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவருக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இரவில் வந்தன. விலாவில் பழைய செல் தழும்பு, மூன்று நாளாக வாந்தி. வயிற்று வழியாகத் திறந்து, ஒரு முழம் கறுத்த பெருங்குடலை எடுத்தார்கள். அழுக்கு இருந்ததால் வலை வைக்கவில்லை. நான் நூலை எடுத்து எடுத்துக் கொடுத்தேன், விடியும் வரை தைத்தார்கள். ஏழாம் நாள் எக்ஸ்ரேயில் இடது பக்கம் விலா எலும்பு வரை ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பு முழுக்க நுரையீரல் என்று சொன்னதும் ஐயாவின் மகள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.