"ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும்" என்று போனிலேயே உறுதி தருபவர்களிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்

ஆண் குழந்தைக்கு ஹைப்போஸ்பேடியாஸ் என்று மருத்துவர் சொல்லி, ஆபரேஷனுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 1,68,000 ரூபாய் கட்டினோம். என் பையனுக்கு இன்று சிறுநீர் இரண்டு வழியாக வருகிறது. ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்த ஆப்காரர்கள் நேற்று சொன்ன பதிலைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிறுநீர்த் துவாரம் ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருப்பதுதான் இந்தப் பிறவிக் குறை. ஏறக்குறைய 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் துவாரம் நுனியை ஒட்டியே இருக்கும். என் பையனுக்கு விதைப்பைக்குப் பக்கத்தில் இருந்தது, உறுப்பும் கீழ்நோக்கி நன்றாக வளைந்திருந்தது. இவ்வளவு பரவலான குறையை நாம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறோம். என் அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றார் மாமியார். தெரிந்தவர்களிடம் விசாரிக்க வழியில்லாத குடும்பங்கள்தான் இந்த ஆப்காரர்களுக்குப் பிழைப்பு.

ஆபரேஷன்களுக்கு மருத்துவமனை ஏற்பாடு செய்து தரும் ஆப் அது. பெயரை எழுதவில்லை, வழக்குப் போடுவோம் என்று இப்போதே மிரட்டுகிறார்கள். எங்கள் நம்பரைப் பதிவு செய்ததுமே ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, என்னை உங்க தங்கச்சியா நினைச்சுக்கோங்க. இது வெளியில யாருக்கும் போகாது" என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம், "பையனுக்கு ஸ்னாட்கிராஸ் முறையில பண்ணிடலாம்க்கா, இப்ப உலகம் முழுக்க அதுதான். ஒரே ஆபரேஷன், கேரண்டி" என்றாள். குழந்தையை எந்த மருத்துவரும் பார்ப்பதற்கு முன்னால் சொன்ன வார்த்தை இது. இன்சூரன்ஸ் பணத்தையும் அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னாள். பையன் பிறந்ததிலிருந்து அன்று ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டினோம். அறுவை செய்யப்போகிற மருத்துவர் ஆபரேஷன் அன்று காலையில்தான் வந்தார். டயப்பரை விலக்கிப் பார்த்தார், "பண்ணிடலாம்" என்றார், போய்விட்டார். வளைவைப் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அதெல்லாம் உள்ளே பார்த்துப்போம்" என்று நர்ஸ்தான் பதில் சொன்னார்.

ஆபரேஷனில் சிறுநீர் போக வைத்த டியூபை எடுத்த பிறகு, குளிப்பாட்டும்போது கவனித்தேன். நுனியில் மெல்லிய தாரை, அடியில் இன்னொரு ஓட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக. பிஸ்டுலா என்கிறார்கள். வளைவும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதலில், வீக்கம் வடிந்தால் தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள். காத்திருந்தோம். அடுத்து, டிரெஸ்ஸிங்கை நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றார்கள். தங்கச்சி என்று சொன்ன பெண்ணின் நம்பர் வேலை செய்யவில்லை. அவர் இப்போது இங்கே இல்லை மேடம் என்று வேறொருவர் சொன்னார். ஆப்காரர்கள் மருத்துவமனையைக் கேட்கச் சொன்னார்கள், மருத்துவமனை பணம் வாங்கியவர்களைக் கேட்கச் சொன்னது. இன்சூரன்ஸிலோ, கண்ணுக்குத் தெரியும் உறுப்பில் உள்ள பிறவிக் குறைக்கு இந்தப் பாலிசியில் பணம் கிடையாது என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள். பல பாலிசிகளில் இந்த விதிவிலக்கு இருக்கிறது. தினமும் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆக 1,68,000 ரூபாயும் எங்கள் கையிலிருந்து போனதுதான். நேற்று கடைசியாகச் சொன்னது: "மறுபடி பண்ணணும்னா புது பேக்கேஜ் எடுக்கணும் மேடம், டிஸ்கவுண்ட் தர்றோம்."

இப்போது வேறொரு குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுகிறோம். படம் போட்டு விளக்கினார். ஸ்னாட்கிராஸ் முறை நல்ல முறைதான். அமெரிக்க மருத்துவர் வாரன் ஸ்னாட்கிராஸ் 1994-இல் அதை வெளியிட்டபோது, துவாரம் நுனிக்கு அருகில் உள்ள குழந்தைகளுக்காகத்தான் எழுதினார். சிறுநீர்ப் பாதையாக உருவாகியிருக்க வேண்டிய தோல் பட்டை உறுப்பின் அடியில் இருக்கும். அதன் நடுவே நீளவாக்கில் கீறி, அகலப்படுத்தி, குழாயாகச் சுருட்டித் தைப்பார்கள். வளைவு கடுமையாக இருந்தால் பல நேரம் அந்தப் பட்டையையே குறுக்கே வெட்டி உறுப்பை நிமிர்த்த வேண்டியிருக்கும். அப்புறம் சுருட்ட எதைச் சுருட்டுவது? அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பல மருத்துவர்கள் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் நிமிர்த்தி, முன்தோலிலிருந்தோ வாயின் உட்புறத்திலிருந்தோ எடுத்த திசுவைப் பதிப்பார்கள். அது நன்றாக ஒட்டிய பிறகு, குறைந்தது ஆறு மாதமாவது விட்டு, குழாயாக்குவார்கள். இங்கிலாந்தின் பிராக்கா சொன்ன இரண்டு கட்ட முறை இப்படிப்பட்டது. எது பொருந்தும் என்பது மயக்க மருந்து கொடுத்து, தோலை விலக்கி, உப்புநீர் செலுத்தி உறுப்பை விறைக்கவைத்து வளைவைப் பார்த்த பிறகுதான் உறுதியாகும். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிஸ்டுலா வந்ததற்காக நான் சண்டை போடவில்லை. நல்ல கைகளிலும் அது வரும், துவாரம் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு அதிகமாகவே வரும் என்று புது மருத்துவரே சொன்னார். அதை முன்கூட்டியே சொல்லாமல் கேரண்டி என்று சொல்லிப் பணம் பிடுங்கியதுதான் மோசடி. இதில் பெரிய கொடுமை, முன்தோலை முழுவதும் வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆபரேஷனுக்கு என் பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து திசு எடுக்க வேண்டியிருக்கும். 1,68,000 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அந்தத் தோலை எங்கே போய் வாங்குவது?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அறுவை செய்பவர் குழந்தை அறுவை சிகிச்சையிலோ குழந்தைகள் சிறுநீரியலிலோ பயிற்சி பெற்றவரா, இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்பவரா என்று நேரில் கேளுங்கள். நடுவில் பேசும் ஆள் முறையின் பெயரைச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பொதுவாக 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வார்கள், அதனால் "இந்த வாரமே சலுகை" என்ற அவசரத்துக்கு மசியாதீர்கள். அரசு மருத்துவமனைகளின் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்கிறார்கள், முதலில் அங்கே காட்டுங்கள். பாலிசியில் பிறவிக் குறை பற்றிய பத்தியை நீங்களே படியுங்கள். ஆபரேஷன் நோட்ஸை எழுத்தில் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. நாங்கள் இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டோம், கையில் வந்ததும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இன்னொன்று: இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் யார் சொன்னாலும் முன்தோலை நீக்க விடாதீர்கள், ஆபரேஷனுக்கு அந்தத் தோல் தேவைப்படலாம்.