மனச்சோர்வுக்குச் செயலியா, சாட்பாட்டா, தொலைபேசிக் குரலா?

மனச்சோர்வு முதலில் பறிப்பது ஒரு காரியத்தைத் தொடங்கும் தெம்பை. எழுந்து குளிப்பதற்கே மல்லுக்கட்டுபவரிடம் ஒரு கருவி எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது? இணையப் பாடம், சாட்பாட் (உரையாடும் மென்பொருள்), தொலைபேசியில் வழிகாட்டும் ஆள் என்ற மூன்று வகைகளையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

ஒருவர் தாமே படித்து முடிக்க வேண்டிய இணையப் பாடங்கள்தாம் இவற்றில் மூத்தவை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான மூட்ஜிம் ஓர் உதாரணம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிபிடி சிகிச்சையை அது திரையில் தருகிறது. பிரிட்டனில் 691 பேரிடம் நடந்த ரீஆக்ட் ஆய்வு, மூட்ஜிம்மையும் 'பீட்டிங் த ப்ளூஸ்' என்ற வணிக மென்பொருளையும் சோதித்தது. 2015இல் வெளியான முடிவு ஏமாற்றம்தான்: குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பலர் ஓரிரு பாடங்களோடு நின்றுவிட்டார்கள். பாடத்தில் பிழையில்லை. தொடர்ந்து படிக்கும் தெம்பு இருப்பவருக்கே அது எழுதப்பட்டிருந்தது.

அதே குழுவினர் பிறகு மூட்ஜிம்மையே எடுத்து, முறையான தொலைபேசி வழிகாட்டலைச் சேர்த்துப் பார்த்தார்கள். நான்காம் மாதத்தில் வழிகாட்டல் பெற்றவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. திரையில் இருந்த பாடம் அதேதான். 'எப்படி இருக்கிறீர்கள், எதில் தடுமாறுகிறீர்கள்' என்று முறையாக விசாரிக்க ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

சாட்பாட்டின் பலம் வேறு. இரவு இரண்டு மணிக்கும் பதில் வரும், யாரிடம் சொல்கிறோம் என்ற கூச்சமும் இருக்காது. 2017இல் வோபாட் என்ற சாட்பாட் 70 மாணவர்களிடம் இரண்டு வாரம் சோதிக்கப்பட்டபோது மனச்சோர்வின் அளவு குறைந்தது. ஆனால் இரண்டு வாரம் எதற்குப் போதும்? அந்தச் செயலியும் 2025இல் மூடப்பட்டுவிட்டது. மனநலச் செயலிகளைப் பற்றி 2019இல் வெளியான ஓர் அலசலில், பதினைந்தாம் நாளில் அவற்றைத் திறந்தவர்களின் இடைநிலை விகிதம் 3.9 சதவீதம்தான். இதைச் சமாளிக்க வடிவமைப்பாளர்கள் பலர் நம்புவது 'தொடர்ந்து ஏழு நாள்' வகைப் பதக்கங்களை. ஏற்கெனவே குற்ற உணர்வில் உழல்பவருக்கு, அறுந்துபோன தொடர் இன்னொரு தோல்விச் சான்றிதழ். இதை யோசிக்காமல் வைப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொரு சிக்கல், மனச்சோர்வின் அளவைக் கணிக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாள். அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளவோ எண்ணம் வருகிறதா என்பது. 'ஏறக்குறைய தினமும்' என்று ஒருவர் குறித்தால், வழிகாட்டும் ஆள் இல்லாத செயலி மதிப்பெண்ணையும் ஒரு உதவி எண்ணையும் காட்டிவிட்டு ஒதுங்கும். கேட்டவர், பதிலைக் கையில் வாங்கவும் தயாராக இருக்க வேண்டாமா? வழிகாட்டுபவர் உள்ள அமைப்பில் அன்றைக்கே அழைக்க ஓர் ஆள் உண்டு.

அதற்காக மனிதர் இருந்தாலே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவலை விளம்பர நோக்கில் பேஸ்புக் போன்றவற்றுக்குத் தந்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 2023இல் அமெரிக்காவில் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. சம்பளச் செலவும் சிறிதல்ல. யாருக்கு ஆள் தேவை என்பதில், இணையவழி சிபிடி பற்றி 2021இல் வெளியான தொகுப்பாய்வு கைகொடுக்கிறது. 39 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், லேசான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு வழிகாட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலனில் பெரிய வேறுபாடில்லை. மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களுக்கு வழிகாட்டல் கூடுதலாக உதவியது.

ஆகவே என் தேர்வு இது: லேசான நிலையில் பாடம் மட்டும் போதும். அதைத் தாண்டினால் பாடத்தோடு வாரம் ஒரு முறை அழைக்கும் குரல் வேண்டும். சாட்பாட் இடைவெளியை நிரப்பலாம், பொறுப்பை ஏற்கக் கூடாது. கருவி எதுவானாலும் கடுமையான மனச்சோர்வுக்கு மருத்துவர் வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவரால் எண்ணை அழுத்தவும் முடியாதபோது, வீட்டில் இருப்பவரே அழைக்கலாம்.