துருவக் காற்றும் துருவ ஒளிப் பகுதியும்: அயனிகள் தப்பும் இரு வழிகள்

பூமியின் மேல் வளிமண்டலத்திலிருந்து அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) விண்வெளிக்குத் தப்புவதில் இரண்டு வழிகள் முக்கியமானவை. இரண்டும் துருவங்களை ஒட்டியே நடக்கின்றன.

முதலாவது துருவக் காற்று, அதாவது துருவப் பகுதிகளிலிருந்து விண்வெளியை நோக்கி ஓயாமல் ஓடும் அயனிகளின் ஓட்டம். பேங்க்ஸ், ஹோல்சர் என்ற அறிவியலாளர்கள் 1968-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எடை குறைந்த எலக்ட்ரான்கள் மேலே நழுவப் பார்க்கும், கனமான அயனிகள் ஈர்ப்பால் கீழே தங்கப் பார்க்கும். இரண்டும் பிரிந்துவிடாதபடி ஒரு மெல்லிய மின்புலம் தானாகவே உருவாகிறது. அதை அளக்க 2022 மே மாதம் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட் 768 கி.மீ. உயரம் வரை போனது. கிடைத்த விடை வெறும் 0.55 வோல்ட்! ஒரு கைக்கடிகார பேட்டரி அளவுகூட இல்லை. ஆனாலும் ஹைட்ரஜன் அயனியை அது இழுக்கும் விசை, ஈர்ப்பைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இவ்வளவு சிறிய எண்ணுக்குள் இத்தனை பெரிய விளைவு இருப்பது உண்மையிலேயே பிரமிப்பூட்டுகிறது.

சரி, ஆக்சிஜன்? ஹைட்ரஜனைவிடப் பதினாறு மடங்கு கனமான அது ஈர்ப்பிலிருந்து விடுபடச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) ஆற்றல் வேண்டும். துருவக் காற்று மட்டும் போதாது. இங்கேதான் இரண்டாவது வழி வருகிறது. துருவ ஒளி (வானில் தெரியும் வண்ண ஒளி) தோன்றும் பகுதியில் பிளாஸ்மா அலைகள், அதாவது மின்னேற்றத் துகள்களின் ஊடே பரவும் அலைகள், அயனிகளைக் காந்தப்புலத்துக்குக் குறுக்காகச் சூடேற்றுகின்றன. அப்புறம், உயரே போகப்போக விரியும் காந்தப்புலமே அவற்றை மேலே தள்ளிவிடுகிறது.

துருவக் காற்று ஓயாமல் வீசும். துருவ ஒளிப் பகுதி வழியோ காந்தப் புயலின்போது (பூமியின் காந்தப்புலம் சூரியனின் தாக்கத்தால் கலங்கும்போது) பொங்கும். ஆக்சிஜன் இழப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இரண்டாவதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.