எஸ்23 அல்ட்ரா கேமரா: 200 மெகாபிக்சலை விட 3எக்ஸ்தான் எனக்கு உதவுகிறது

சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா 2023 பிப்ரவரியில் வந்தபோது எல்லாரும் பேசியது 200 மெகாபிக்சலைப் பற்றித்தான். இத்தனை காலம் தினமும் அதில் படமெடுத்த பிறகு, அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இதை நான் இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது பின்பக்கம் இருக்கும் இரண்டு டெலிஃபோட்டோ லென்ஸ்களுக்காக, அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ்களுக்காக. ஒன்று மூன்று மடங்கு கிட்டே காட்டும் 3எக்ஸ், இன்னொன்று பத்து மடங்கு காட்டும் 10எக்ஸ். வீட்டு ஆட்களை எடுக்க 3எக்ஸ். கோயில், பறவை, தூரத்துக் காட்சிக்கு 10எக்ஸ்.

முதலில் அந்த 200-ஐ முடித்துவிடுவோம். சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் 0.6 மைக்ரான். அவ்வளவு சின்னதில் வெளிச்சம் அதிகம் சேராது. அதனால் சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் தருகிறது. முழு 200-லும் எடுக்க நல்ல வெயில் வேண்டும், ஆள் அசையக் கூடாது, ஃபைலும் பல மடங்கு பெரிதாகும். பழைய குரூப் போட்டோவையோ சுவரில் மாட்டிய பெரிய ஓவியத்தையோ பிரதி எடுக்கும்போது மட்டும் அதைப் போடுகிறேன். இடையில் இருக்கும் 50 மெகாபிக்சல் பகல் நேரத்து வயல்வெளி, ஆற்றங்கரைப் படங்களுக்கு நன்றாக இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் 12 போதும்.

இனி 3எக்ஸ். போனின் மெயின் கேமரா அகலமான பார்வை கொண்டது. ஒருவர் முகம் ஃபிரேம் நிறைய வர வேண்டும் என்றால் பக்கத்தில் போயாக வேண்டும். பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒதுங்கி, முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். 3எக்ஸ் கிட்டத்தட்ட 70 மி.மீ. லென்ஸுக்குச் சமம். நாலைந்து அடி தள்ளி நின்று எடுக்கலாம், முகம் முகமாகவே இருக்கும். அதைவிடப் பெரிய லாபம், எடுக்கப்படுகிறவருக்குக் கூச்சம் வராது. எங்கள் அம்மா போனைக் கண்டாலே "போடா, வேலையைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூடத்து நிலைப்படியில் சாய்ந்து நின்று 3எக்ஸில் அவர் பூக்கட்டுவதை எடுத்திருக்கிறேன். நனைத்த வாழைநாரைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். இடது கையில் மல்லி மொட்டு இரண்டு எதிரும் புதிருமாக. வலது கை நாரைச் சுற்றி முடிச்சுக்குள் விடுகிறது. நாரிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடத் தெரிகிறது. இரண்டடி தூரத்தில் போனை நீட்டியிருந்தால் இந்தக் கை இவ்வளவு சாவகாசமாக ஓடியிருக்காது.

3எக்ஸுக்கு ஒரு எல்லை உண்டு. சென்சார் சின்னது, 10 மெகாபிக்சல். ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தோல் கொஞ்சம் மெழுகு பூசினாற்போல ஆகும். எந்த போனாக இருந்தாலும் சின்ன சென்சாருக்கு இதுதான் கதி. அதனால் வீட்டுக்குள் எடுக்கும்போது ஆளை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் எந்த ஃபில்டரும் தேவைப்படாது.

மெயின் கேமராவிலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்சார் பெரிது, லென்ஸ் துளை எஃப்/1.7. ஆகவே மிகக் கிட்டத்தில் எடுத்தால் ஒரு பகுதி மட்டும் தெளிவாக இருந்து சுற்றிலும் மங்கும். வாழையிலைச் சாப்பாட்டை எடுத்தால் சாம்பார் தெளிவு, அப்பளம் மங்கல். பத்திரத்தையோ ரசீதையோ எடுத்தால் நடு வரி படிக்க முடியும், ஓரத்து எழுத்து குழையும். இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

எனக்கு ஊர் தஞ்சாவூர். 10எக்ஸின் அருமையைப் பெரிய கோயிலில்தான் உணர்ந்தேன். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானம் ஏறக்குறைய 216 அடி. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது மேல்நிலைகளில் இருக்கும் உருவங்கள் எல்லாம் ஒரே கல்திரளாகத்தான் தெரியும். 230 மி.மீ.க்குச் சமமான 10எக்ஸில் ஒவ்வொரு பூதகணத்தின் தொப்பையும் பல்லும் தனித்தனியாகப் பிரிந்து வரும். வடபுறத்தில் தொப்பி போட்ட உருவம் ஒன்று இருக்கிறதே, ஊரில் வெள்ளைக்காரன் பொம்மை என்பார்கள், அதை வெறும் கண்ணால் தேடிக் கழுத்து வலித்தவர்களுக்கு என் போனில் காட்டியிருக்கிறேன்.

கல்வெட்டுக்கு 10எக்ஸ் வேண்டாம், 3எக்ஸ் போதும். லென்ஸைவிட வெளிச்சம்தான் அங்கே முக்கியம். கோயில் கிழக்குப் பார்த்தது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் காலை எட்டு மணி வாக்கில் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு வெயில் வரும். எழுத்தின் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழும்பி நிற்கும். ஆனியில் அதே வெயில் வடக்குச் சுவருக்குப் போய்விடும். உச்சி வெயிலில் எடுத்தால் எவ்வளவு மெகாபிக்சல் இருந்தாலும் எழுத்து தட்டையாகத்தான் கிடக்கும். இந்த மாதிரிப் படங்களில் போனின் ஆட்டோ ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் தானாகச் சமன் செய்யும் வசதி, நிழலை வெளுப்பாக்கிவிடப் பார்க்கும். நமக்கு வேண்டியதே அந்த நிழல்தான். அதனால் அதை அணைத்துவிட்டே எடுக்கிறேன்.

அதை அணைக்க சாம்சங்கின் 'கேமரா அசிஸ்டண்ட்' செயலி வேண்டும். சாம்சங்கின் இன்னொரு செயலியான குட் லாக் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. இந்த போன் வைத்திருப்பவர்களில் பலர் அதைப் போடாமலே இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆட்டோ ஹெச்டிஆர் தவிர மூன்று விஷயங்களை அதில் மாற்றிவிடுங்கள். ஒன்று, லென்ஸ் தானாக மாறுவது: வெளிச்சம் குறைந்தால் 10எக்ஸ் என்று நாம் தொட்டாலும் போன் வேறு லென்ஸில் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கித் தரும். 10எக்ஸ் லென்ஸின் துளை எஃப்/4.9, வெளிச்சம் குறைவாகத்தான் நுழையும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். இருட்டில் அது நியாயம்தான். சாயங்காலத்தில் ஆட்டோவை அணைத்து, கையைச் சுவரில் அண்டக்கொடுத்து எடுத்தால் அசல் லென்ஸே நல்ல படம் தரும். இரண்டாவது, படத்தை மென்மையாக்கும் ஆப்ஷன்: நடுவில் வையுங்கள், மரத்து இலையும் தலைமுடியும் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டு நிற்காது. மூன்றாவது, ஷட்டர் பட்டனில் விரல் பட்டவுடனே படம் விழுவது. இல்லாவிட்டால் விரலை எடுக்கும்போதுதான் விழும். ஓடும் குழந்தை அதற்குள் ஃபிரேமை விட்டே போயிருக்கும்.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். வீட்டுக்குள் ஆட்டோவில் போட்டால் ஷட்டர் மெதுவாகிவிடும், கையும் தலையும் கலங்கும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடில் போய் ஷட்டரை 1/250 நொடி வையுங்கள், வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவிலேயே விடுங்கள். படத்தில் கொஞ்சம் பொரி பொரியாக வரும். வரட்டும். பொரியோடு இருக்கும் தெளிவான சிரிப்பு, வழுவழுவென்று கலங்கிய முகத்தைவிட எவ்வளவோ மேல்.

கார்த்திகை தீபத்தன்று நைட் மோடை அணைத்தே ஆக வேண்டும். விட்டால் திண்ணை முழுக்கப் பகல் போல ஆக்கி, அகல் வெளிச்சத்தின் அழகையே கொண்டுபோய்விடும். புரோ மோடில் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/60, படத்தின் நிறச்சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸ் 3500 கெல்வின் பக்கம் வைத்தால், சுடர் மஞ்சளாகவும் முகம் செம்பொன் நிறத்திலும் சுற்றி இருட்டு இருட்டாகவும் வரும். பொதுவாகவே செல்போன்கள் நம் மாநிறத்தை ஒரு படி வெளுக்க வைக்கப் பார்க்கின்றன. திரையில் முகத்தைத் தொட்டு, அப்போது வரும் வெளிச்சக் கோட்டைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுப்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நம் நிறம் நம் நிறமாகவே படத்தில் இருக்க வேண்டும்.

விளக்கை எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் ஒட்டியிருந்தால் சுடரிலிருந்து நீளமாக ஒரு ஒளிக்கீற்று கிழித்துக்கொண்டு போகும். லென்ஸின் மேல் ஒட்டும் மலிவான கண்ணாடியும் வேண்டாம்; ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு பேய்விளக்கு தோன்றும். பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டு பையில் இருந்தால் போதும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும், இரண்டு நிமிஷம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வீடியோவுக்கு வருகிறேன். 8கே இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. என் டிவி 4கே, 30 ஃபிரேமில் 4கே எடுத்தால் நிறைவாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுக்கும்போது படத்தில் கருப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கேமராவின் ஷட்டர் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். புரோ வீடியோவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மணவறைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரைக்கு வேறு கணக்கு. அதை ஃபிரேமில் வராமல் நிற்பதே நல்லது.

சத்தம் அதைவிட முக்கியம். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் கொட்டும்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டோவில் எடுத்தால் ஒலி உடைந்து வெறும் இரைச்சலாகிவிடும். புரோ வீடியோவில் மைக் அளவைக் குறைக்கலாம், முன்னால் வரும் ஒலியா பின்னால் வரும் ஒலியா என்றும் தேர்ந்தெடுக்கலாம். நாயனத்தின் கார்வை முழுசாகக் கேட்க வேண்டும் என்றால் இதைக் கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி-சியில் செருகும் சட்டை மைக் ஒன்றும் வாங்கினேன். எங்கள் அம்மாயி மொட்டை மாடியில் வடகம் பிழிவதை எடுத்தபோது முந்தானையில் அதைக் குத்திவிட்டேன். "கூழு கையில ஒட்டப்படாது, அதான்யா பதம்" என்று அவர் தனக்குள் பேசிக்கொள்வதுபோலச் சொன்னது, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தையும் மீறி அப்படியே கேட்கிறது. போன் மைக் மட்டும் இருந்திருந்தால் மோட்டார்தான் கேட்டிருக்கும். குடும்பத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், அடுத்த போனுக்குச் சேர்க்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து இந்த மைக்கை இன்றைக்கே வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

குரூப் போட்டோவுக்கு எஸ் பென், போனோடு வரும் பேனா. போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டு, பென்னின் பட்டனை அழுத்தினால் படம் விழும். எடுப்பவரும் படத்தில் இருப்பார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்ததை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் பாதித் தெளிவு போய்விடும். 2023-ல் ஹெச்டி பட்டன் கொடுத்தார்கள், அதைத் தொட்டு அனுப்புங்கள். பிரிண்ட் போடக் கொடுப்பதென்றால் டாக்குமென்ட்டாகவே அனுப்ப வேண்டும், அப்போதுதான் அசல் ஃபைல் போகும். இதில் மெமரி கார்டு போட இடமில்லை. 4கே வீடியோ நிமிஷத்துக்குச் சில நூறு எம்பி தின்னும். மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு போனைக் காலி செய்கிறேன்.

புது மாடலுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். 2024-ல் வந்த எஸ்24 அல்ட்ராவில் 10எக்ஸ் லென்ஸை எடுத்துவிட்டு 50 மெகாபிக்சலில் 5எக்ஸ் வைத்தார்கள். நடுத்தர தூரத்துக்கு அது நல்ல மாற்றம். என் போனில் 5-லிருந்து 9 எக்ஸ் வரை 3எக்ஸ் படத்தை வெட்டித்தான் வருகிறது, அது எனக்கும் தெரிந்த குறை. ஆனால் கோபுரமும் நீர்க்கோழியும் எடுப்பவனுக்கு அசல் 10எக்ஸை விட மனசு வராது. எஸ்23 வரிசைக்கு ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள், அது 2028 வரை வரும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே நான்கு லென்ஸிலும் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே தூசியோ பூஞ்சையோ இருந்தால் புள்ளியாகத் தெரியும். பிறகு தெருவுக்கு வந்து 10எக்ஸில் எதிர்ச்சாரி போர்டைப் பிடியுங்கள். எழுத்து நடுங்காமல் நின்றால் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் சரி. நடுங்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.