மூன்று வருடம், நான்கு சைக்கிள், ஒரு குளக்கட்டு

2022இல் பெட்ரோல் வரிசை மைல் கணக்கில் நீண்ட நாட்களில் கொழும்பில் சைக்கிள் வாங்காத வீடு குறைவு. எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பிலும் ஏழெட்டுப் பேர் வாங்கினார்கள். அவற்றில் பாதி இப்போது பல்கனியில் துவாய் காயப்போட உதவுகின்றன. எங்களுடைய நான்கும் இன்னும் ஓடுகின்றன. அதற்கு என் கணவரின் கட்டுப்பாடோ என் உடற்பயிற்சி ஆசையோ காரணமில்லை, தலங்கமக் குளம்தான் காரணம்.

அப்போது மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. முதலில் மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்தோம். கடல் காற்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் வரும் வாகனங்களின் ஹோர்னுக்கு மகள் ஒவ்வொரு தடவையும் சைக்கிளை விட்டுக் குதித்தாள். அப்புறம் சுதந்திர சதுக்கம். துணைச் சில்லைக் கழற்றி ஓட்டப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை, தரை வழவழவென்று இருக்கும். ஆனால் பழகிய பிள்ளை அங்கே எத்தனை தடவைதான் சுற்றும்?

தலங்கமவுக்கு ஒரு ஞாயிறு தற்செயலாகத்தான் போனோம். பத்தரமுல்லைக்கு அப்பால், பெலவத்தைப் பக்கம். ஒரு பக்கம் குளம், மறு பக்கம் வயல், நடுவில் ஒரு ஒடுங்கிய தார் வீதி. அங்கிருந்து ஹோகந்தரப் பக்கமாகப் பிரியும் ஒழுங்கைகளில் மதிலுக்கு மேலால் பலாவும் கமுகும் எட்டிப் பார்க்கும். மாமி இறங்கி நின்று இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு, "இது யாழ்ப்பாணத்தில எங்கட கோண்டாவில் ஒழுங்கை மாதிரியெல்லோ பிள்ளை இருக்கு" என்றா. அன்றிலிருந்து அவவும் வருகிறா. நாங்கள் ஓட்ட, அவ குளக்கட்டில் நடப்பா. முழங்கால் வலி என்று வீட்டில் மாடிப்படி ஏறாதவ, அங்கே முக்கால் மணித்தியாலம் நடக்கிறா.

இந்தக் குளமும் சுற்றுப்புறமும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டவை. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இப்படிப்பட்ட இடங்களால்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? மகளுக்கு நத்தைகொத்தி நாரைதான் பெரிய விசயம். அதன் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் பொருந்தாது, பாக்குவெட்டி போல ஒரு இடைவெளி இருக்கும். ஒரு நாள் வயல் வரம்போரம் ஒன்று நத்தையைத் தூக்கி, ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுத்ததை சைக்கிளைப் பிடித்தபடி இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நாங்கள் ஓட்டிய தூரம் ஒரு கிலோமீற்றர்கூட வராது. இன்னொரு நாள் உடும்பு இனத்துக் கபரகொய்யா ஒன்று வீதியைக் குறுக்கறுத்தது. அவசரமே இல்லாத நடை. நாங்கள் நால்வரும் ரயில் கடவையில் நிற்பதுபோல வரிசையில் நின்றோம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. காலை ஆறுக்கு அங்கே நிற்க வேண்டும். எட்டு மணி தாண்டினால் கார்கள் வரத் தொடங்கும், குளக்கட்டிலேயே நிறுத்திவிட்டுக் கல்யாணப் படம் எடுப்பார்கள். எட்டரைக்குப் பிறகு சிறுபிள்ளையோடு அந்த வீதியில் ஓட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. தெருநாய்கள் உண்டு. சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் குரைப்போடு நின்றுவிடும்.

பெரிய தொல்லை அங்கே போய்ச் சேர்வதுதான். பிள்ளைகளோடு வெள்ளவத்தையிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன பட்டா லொறி இருக்கிறது. நான்கு சைக்கிளையும் பழைய பெட்ஷீற் சுற்றிக் கட்டி ஏற்றுவோம், நாங்கள் ஆட்டோவில் பின்னால் போவோம். அது அமையாத கிழமைகளில் நடைதான்.

நடப்பதற்கென்றால் பெத்தகான ஈரநிலப் பூங்காவைச் சொல்வேன். ரிக்கட் எடுத்து, மரப்பலகைப் பாதையில் மெதுவாகப் போகலாம், நிழல் தாராளம். பாராளுமன்றப் பக்கத்து நடைபாதை அகலமானது, வெயில் ஏறினால் தாங்காது. பொரலஸ்கமுவப் பக்கம் வெரஸ் கங்கை ஓரம் நடக்கவும் ஓட்டவும் வசதி, பின்னேரங்களில் சனம் அதிகம்.

வத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஹமில்டன் கால்வாய்க் கரை. டச்சுக் கால்வாய் என்றே எல்லாரும் சொல்வார்கள். இதை வெட்டியது ஆங்கிலேயர், 1804இல் முடித்தார்கள். மீன்பிடி வள்ளங்கள், மாதா சொரூபங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் பல இடங்களில் தண்ணீர் ஓரம் தடுப்பு இல்லை. மகனோடு மட்டும் இரண்டு தடவை போனேன், மகளைக் கூட்டிப்போக மனம் வரவில்லை.

சைக்கிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவை மூன்றும் சாதாரணமானவை, கியர் இல்லை. இந்தத் தட்டையான ஒழுங்கைகளுக்கு அது போதும். இதுவரை ரியூப் ஆறு தடவை ஒட்டியாயிற்று, செயின் ஒரு தடவை மாற்றினோம். மகளுடையதில்தான் ஏமாந்தோம். நிறத்தைப் பார்த்து ஒரு கடையில் வாங்கியது. மூன்றாம் மாதம் சிறு இறக்கமொன்றில் பிரேக் பிடிக்காமல் காலை ஊன்றி, செருப்பு வார் அறுந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் சைக்கிள் திருத்தும் தம்பி பிரேக் கட்டையைக் கழற்றி நகத்தால் கீறிக் காட்டினார். "அக்கா, இது ரப்பரில்லை, பிளாஸ்ரிக்." அவர் போட்டுத் தந்த கட்டைதான் இன்றுவரை நிற்கிறது. வாங்கும்போது சீற்றையும் நிறத்தையும் விட்டுவிட்டு அந்தக் கட்டையை ஒரு தடவை நகத்தால் கீறிப் பாருங்கள்.

இப்போது அந்தச் சைக்கிளில் மகளின் முழங்கால் ஹாண்டிலில் முட்டுகிறது. விற்கலாம் என்றால் விடுகிறாளில்லை. இந்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் ஐந்தரைக்கு லொறி வரும். மாமி சனிக்கிழமையே பிளாஸ்கைக் கழுவி வைத்துவிடுவா.